அச்சேயில் சமாதானம் பிறந்த வரலாறு

 

இறைநம்பிக்கையாளர்களில் இரு கூட்டத்தார் தம்முள் போரிட்டுக் கொண்டால், அவர்களிடையே நீதியோடு சமாதானம் செய்து வைக்குமாறு ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகின்றது. அக்கட்டளையை நிறைவேற்றுவது எத்துணைக் கடினமானது என்பதை, நம் காலத்தில் நிகழ்ந்த வரலாறு ஒன்று உணர்த்துகின்றது. அதுவே இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தின் வரலாறு.

சுமத்ரா தீவின் வடமுனையில் உள்ளது அச்சே. 1873-இல் படையெடுத்து வந்த டச்சுக்காரர்களைப் பல்லாண்டுக் காலம் எதிர்த்து நின்றவர்கள் அம்மக்கள். இந்தோனேசியக் குடியரசின் விடுதலைக்கும் அவர்கள் வாரி வழங்கினர். ஆயினும் தங்கள் மாகாணம் வடசுமத்ராவோடு இணைக்கப்பட்டபோது மனம் வெதும்பினர். 1953-இல் மார்க்க அறிஞர் தாவூத் பெரூயே அவர்களின் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். 1959-இல் ‘தனிச்சிறப்புப் பகுதி’ என்ற தகுதி அறிவிக்கப்பட்டது. 1962-இல் கிளர்ச்சி ஓய்ந்தது. ஆனால் அத்தகுதி பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. பின்னர் அருன் என்னுமிடத்தில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. அதன் வருவாயில் பெரும்பங்கு தலைநகர் ஜகார்த்தாவுக்கே சென்றது. இந்நிலையில் 1976 டிசம்பர் 4 அன்று ஹஸன் தி தீரோ ‘சுதந்திர அச்சே இயக்கத்தை’த் தொடங்கினார்.

அடுத்த முப்பதாண்டுகளில் ஏறத்தாழ 15,000 உயிர்கள் பறிபோயின. சுட்டவரும் சுடப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்களே!

சமாதான முயற்சி நடைபெறாமல் இல்லை. 2002 டிசம்பர் 9 அன்று ஜெனீவாவில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் அச்சேயின் எதிர்காலம் என்ன என்ற அடிப்படைக் கேள்விக்கு அதில் விடை இல்லை. இயக்கத்தினர் அதனை விடுதலைக்கான படியாகக் கருதினர். அரசோ, அவர்கள் குடியரசுக்குள் வாழ இசைந்துவிட்டதாகக் கருதியது. ஆயுதங்களை முதலில் வைப்பதா, இராணுவம் முதலில் பின்வாங்குவதா என்பதிலும் நம்பிக்கை தகர்ந்தது. 2003 மே 19 அன்று இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு மீண்டும் போர் மூண்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அச்சேயைச் சூறையாடியது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பேரழிவுதான் சமாதானத்தைக் கொண்டுவந்தது என்று பலரும் கூறுவர். அது முழு உண்மையன்று. பேச்சுவார்த்தைக்கான ஏற்பாடுகள் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தன. மேலும், அதே அலை இலங்கையையும் தாக்கிற்று. அங்கே நிவாரணத்தை இணைந்து பகிர்வதற்காக 2005 சூனில் கையெழுத்தான உடன்பாடு நடைமுறைக்கு வரவேயில்லை. மீண்டும் மூண்ட போர் 2009-இல் பெரும் உயிர்ச்சேதத்துடனேயே முடிந்தது. ஆகவே அலை உள்ளங்களை உலுக்கலாம். உடன்படிக்கையை மனிதர்களே எழுத வேண்டும்.

பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி நடுவராக அமர, 2005 சனவரி முதல் ஹெல்சின்கியில் ஐந்து சுற்றுப் பேச்சு நடைபெற்றது. எல்லாவற்றிலும் உடன்பாடு காணும்வரை எதிலும் உடன்பாடில்லை என்பதே அவர் வகுத்த விதி. இயக்கத்தினர் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு ‘சுயாட்சி’ என்றனர். அரசும் இறங்கி வந்தது. அச்சேக்கெனத் தனி அரசியல் கட்சிகள் அமைக்கலாம், இயற்கை வள வருவாயில் 70 விழுக்காடு அச்சேக்கே உரியது என்று இசைந்தது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இம்முறை யார் முந்துவது என்ற சிக்கலும் தீர்ந்தது. இயக்கத்தினர் 840 ஆயுதங்களை நான்கு கட்டங்களாக ஒப்படைக்க, அதற்கு ஈடாக வெளியிலிருந்து வந்த படைகளும் கட்டங்கட்டமாக வெளியேறின. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் அனுப்பிய கண்காணிப்பாளர்கள் இதனை நேரில் சரிபார்த்தனர். 2006 டிசம்பரில் நடைபெற்ற தேர்தலில், முன்னாள் போராளியான இர்வாந்தி யூசுப் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்பர்களே! ஹுதைபிய்யாவில் ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொல்லை எதிரிகள் ஏற்க மறுத்தபோது, ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்’ என்றே எழுதச் செய்தார்கள் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். தோழர்களுக்கு அது தாங்கொணா வேதனையாக இருந்தது. எந்தச் சொல்லுக்காக இத்தனை காலம் இரத்தம் சிந்தினோமோ, அதனைத் தம் மக்கள் முன்னிலையில் விட்டுக்கொடுப்பதே சமாதானத்தின் ஆகக் கடினமான கட்டம்.

எனினும் ‘நீதியோடு’ என்ற இறைக்கட்டளை அச்சேயில் இன்னும் முழுமை பெறவில்லை. ஒப்பந்தம் வாக்களித்த உண்மை கண்டறியும் ஆணையத்திற்கு 2016-இல்தான் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டனர். அச்சேயில் நடந்த மூன்று கொடுமைகளைக் கடுமையான மனித உரிமை மீறல்கள் என இந்தோனேசிய அதிபர் ஒப்புக்கொண்டதோ 2023-இல்தான். துப்பாக்கிகள் ஓய்ந்து 17 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர்! அதுவரை காத்திருந்த தாய்மார்கள் எத்தனை பேர்! அதனைக் கேளாமலே மறைந்தவர்கள் எத்தனை பேர்!

நம் ஜமாஅத்திலும் குடும்பத்திலும் பிணக்குத் தீர்க்க அமர்கின்ற பெரியவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். ஸலாம் சொல்லிக் கைகுலுக்கச் செய்வதோடு பொறுப்பு முடிந்துவிடாது. அடிப்படைச் சிக்கலை மூடி மறைக்காமல் பேசித் தீர்க்க வேண்டும். வாக்களித்தது நிறைவேறியதா என்று பின்னரும் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமை அவர் கைக்கு வந்து சேர வேண்டும்.

பிணங்கியோரிடையே நீதியோடு இணக்கம் காணும் நன்மக்களாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.