புரவி இறங்கிய கரையில் கார் ஏறிய வரலாறு

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, கடல்வழியே வந்த குதிரைகளையே முதலில் வைக்கிறது. ஊர்ந்து செல்வதற்குரிய ஒன்றை அயல்நாட்டிலிருந்து கப்பலில் வரவழைப்பது தமிழருக்கு எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்கு அந்த ஒரு சான்றே போதும். மாணிக்கவாசகர் வரலாறும், குதிரை வாங்கும் பொருட்டுப் பொற்குவையோடு கடற்கரை நோக்கி அனுப்பப்பட்ட அமைச்சர் ஒருவரின் கதைதான். நரி பரியான திருவிளையாடலைக் கேட்டு வியந்தவர்கள், அதற்குள் பாண்டிய நாட்டின் இறக்குமதிச் செலவு ஒளிந்திருப்பதை அவ்வளவாகக் கவனித்ததில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ அதனைக் கவனித்தார். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறையில், ஓர்முஸ், ஏடன் முதலிய ஊர்களின் கப்பல்கள் குதிரைகளை இறக்கின. ஒரு மன்னன் ஆண்டுக்கு 2000க்கு மேல் வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100கூட எஞ்சவில்லை என்றும் அவர் எழுதினார். எண்களில் அவர் தாராளமானவர், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் கூறும் காரணம்தான் முக்கியமானது. குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை. அவ்வித்தை தெரிந்தவர் எவரும் இங்கே வந்துவிடாதபடி குதிரை வணிகர் பார்த்துக்கொண்டனர். குதிரை பிழைத்திருந்தால் அடுத்த ஆண்டு யாரிடம் விற்பது? படைத்தலைவரைக் குறிக்கும் தளவாய் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் தளவாய்புரத்தாருக்கு, குதிரை மாண்ட படை என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மோட்டார் காரும் அதே வழியில்தான் வந்தது. ஆனால் சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மனிதரும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து கரைசேர்ந்த ஊர் அது. 1875இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய துறைமுகத்தை 1881 நவம்பரில் புயல் சிதைத்தது. 1904இல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு நோக்கிய வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் அமைத்தார். கப்பல் நேரே வந்து அணையும் துறைகள் அதன்பின்னரே எழுந்தன. சென்னையில் எம்.சி. 1 என்னும் முதற்பதிவெண் பெற்ற கார் அவருடையதே. கார் வந்திறங்கும் கரையைச் செப்பனிட்டவருக்கே முதல் எண் கிடைத்தது பொருத்தந்தான். எம்.சி. 3, கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருக்கு உரியது. நகரத்து இந்தியருள் முதலில் கார் வாங்கியவர் என்று அவரைக் கூறுவர்.

குதிரைக்கு நேர்ந்தது காருக்கு நேரவில்லை. இந்த வேறுபாட்டைத் துறைமுகக் கணக்குகளில் தேடுவதைவிடப் பட்டறைகளில் தேடுவது நல்லது. குதிரை வண்டி செய்துவந்த சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இலேயே நீராவிக் கார் ஒன்றைச் செய்தார். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம் பேருந்து ஓட்டியதோடு நில்லாமல், வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனைகளையும் வளர்த்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரிவாயுவால் வண்டி ஓட்டும் கருவியைச் செய்து கொடுத்ததும் அதே நிறுவனந்தான். காயலில் இல்லாதிருந்த வித்தை மதுரையில் வேரூன்றிவிட்டது. தென்பாண்டிச் சீமையின் சாலைகளில் ஓடிய பழைய வண்டிகளை ஆயுளுக்கு மேல் ஓடவைத்த கைகளை எந்த வணிகனாலும் தடுக்க முடியவில்லை.

அடுத்த படி, முழுக் காரை வாங்காமல் உறுப்புகளை வாங்கி இங்கே பூட்டுவது. ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த உறுப்புகளைக் கொண்டு ஆஸ்டின் ஏ-40 கார்களை எண்ணூரில் பூட்டியது. பின்னாளில் அசோக் லேலண்டு ஆன நிறுவனம் இதுவே. இங்கேயே உற்பத்தி செய்ய முன்வருபவருக்கு மட்டுமே இடம் என்ற கொள்கையை அரசு 1953இல் ஏற்றதும், ஃபோர்டு முதலியன கடையைக் கட்டிக்கொண்டு போயின. அதற்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கார்ச் சந்தை அடைபட்டே கிடந்தது. அதனைப் பற்றி இங்கு விரிக்க ஒன்றுமில்லை; கப்பலுக்கும் காருக்கும் அக்காலத்தில் உறவு குறைவு.

இதற்கிடையே உலகக் கடல்களில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. முன்பெல்லாம் காரைக் கயிறு கட்டிப் பாரந்தூக்கியால் உயர்த்திக் கப்பலின் வயிற்றில் இறக்குவார்கள். கண்ணாடி உடையும், தகடு நசுங்கும். காரைச் சரக்காக எண்ணாமல் காராகவே எண்ணி, ஓட்டிச் சென்று உள்ளே நிறுத்தினால் என்ன? சாய்பாலம் இறக்கும் கப்பல்கள் அவ்வாறு பிறந்தன. 1970இல் ஜப்பான் இறக்கிய டொயோட்டா மாரு 10, கார்களுக்கென்றே அந்நாடு கட்டிய முதற்கப்பல். ஏறத்தாழ 2000 கார்கள் கொள்ளும். இன்றைய கப்பல்கள் பத்துப் பன்னிரண்டு தட்டுகளுடன், சன்னலற்ற மாடிக்கட்டடம் மிதப்பது போலத் தோன்றும். அவற்றின் கொள்ளளவை அளக்கும் அலகுகூட 1966ஆம் ஆண்டு டொயோட்டா கொரோனா காரின் நீள அகலமே. மரக்காலும் படியும் போல ஒரு கார் அளவைக் கருவியாகிவிட்டது!

உள்ளே நடப்பது நுட்பமான வேலை. ஓட்டுநர் குழு வரிசையாகக் காரை ஏற்றும். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் இடையே பக்கவாட்டில் ஒரு சாண்கூட இராது. தொட்டியில் சிறிதளவே எரிபொருள். ஒவ்வொரு காரையும் தளத்தின் துளைகளோடு வாரிட்டு இறுகக் கட்டுவார்கள். ஓட்டிச் சென்றவர்களைத் திரும்ப அழைத்துவரக் கூடவே ஒரு வண்டி வரும். மசூலாப் படகின் துடுப்புக்காரர் அலையோடு மல்லாடிய கரையில், இன்று அடுத்த காரின் வண்ணப்பூச்சில் கீறல் விழாதபடி மூச்சைப் பிடித்துச் சக்கரம் திருப்புகிறார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் சான்ட்ரோவை வெளியிட்ட ஹூண்டாய், 1999 முதலே ஏற்றுமதியைத் தொடங்கியது. அதன் பத்து இலட்சமாவது ஏற்றுமதிக் கார் 2010 பிப்ரவரியிலும், முப்பது இலட்சமாவது 2020இலும் கடல் கடந்தன. ஒரகடத்தில் எழுந்த நிசான் ஆலையின் மைக்ரா கார்கள் 2010இல் எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. ஆஸ்டின் காரின் உறுப்புகள் வந்து சேர்ந்த அதே எண்ணூர். எண்ணூர்த் துறைமுகம் 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. 1997 வரை தளவாய்புரத்தார் தம் மாவட்டத்தைக் காமராசர் மாவட்டம் என்றே எழுதினர். இங்கே நீங்கிய பெயர் அங்கே கடற்கரையில் போய் ஏறிக்கொண்டது.

இந்தப் பெருமிதத்தின் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். நிலக்கரித் தூசும் இரும்புத்தாதுத் தூசும் வடசென்னை மக்களை வாட்டியதால், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகம் அவற்றைக் கையாளவில்லை. தூசு படக்கூடாத கார்களுக்கு அது வசதியாயிற்று. ஆனால் தூசு மாயமாகிவிடவில்லை. பெரும்பகுதி எண்ணூருக்கு நகர்ந்தது. அங்கும் மக்கள் வாழ்கிறார்கள், மீன்பிடிக்கிறார்கள் என்பது கணக்கில் வரவில்லை.

கடலும் தன் பங்கை விட்டுவிடவில்லை. 2002 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயில் மோதி மூழ்கிய டிரைகலர் கப்பலோடு 2800க்கு மேற்பட்ட புதுக்கார்கள் நீருக்குள் போயின. 2022இல் ஃபெலிசிட்டி ஏஸ் என்னும் கப்பல் ஏறத்தாழ 4000 கார்களோடு அட்லாண்டிக்கில் தீப்பற்றி மூழ்கியது. 2023 ஜூலையில் நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் எரிந்த ஃபிரீமாண்டில் ஹைவே கப்பலில் உயிரிழந்த ஒரே மாலுமி ஓர் இந்தியர். செய்திகளில் கார்களின் எண்ணிக்கையும் விலையும் தலைப்பாயின; அவர் ஒரு வரியில் முடிந்தார்.

வித்தை கைவந்த பின்னும் முடிவெடுக்கும் இடம் கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது. மறைமலைநகரில் செய்த எக்கோஸ்போர்ட் கார்களை அமெரிக்காவுக்கே அனுப்பிய ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022இல் மறைமலைநகர் ஆலையின் கடைசிக் கார் வெளிவந்தது. உலகத் தரத்தில் கார் செய்தவர்கள் நட்டஈட்டுத் தொகைக்காகப் போராட நேர்ந்தது. அந்த ஆலையை ஏற்றுமதிக்காகவே மீண்டும் இயக்க விரும்புவதாக 2024இல் அந்நிறுவனம் தெரிவித்தது. 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஒப்பந்தமும் ஆனது. அதில் கார் இல்லை, எஞ்சின்கள் மட்டும்.