தாயின் கைப்பொருள்

மக்கட்பேற்றைச் செல்வமெனப் போற்றுகின்றோம். அச்செல்வத்தைப் பேணும் செலவு எவரைச் சார்ந்தது என்பதை நாம் ஆராய்வது அரிது. இங்கிலாந்தில் இவ்வினாவை எழுப்பியவருள் முதன்மையானவர் எலினார் ராத்போன் அம்மையார். மணமாகாதவனுக்கும் மக்கள் ஐவரை உடையவனுக்கும் கூலி ஒன்றேயாதலின், பிள்ளைகள் மிக்க இல்லத்தில் வறுமையும் மிகும் என 1924-ஆம் ஆண்டில் நூலெழுதி விளக்கினார்.

1942-இல் பெவரிட்ஜ் அறிக்கையும் குழந்தைகட்கு அரசாங்கம் உதவித்தொகை வழங்க வேண்டுமென வற்புறுத்திற்று. 1945-இல் அதற்குரிய மசோதா பாராளுமன்றத்திற்கு வந்தபோதோ, பணம் தந்தைக்குரியதென வரையப்பட்டிருந்தது. அதனைத் திருத்தாவிடின் மசோதாவையே ஆதரிக்கேன் என்றார் அம்மையார். உறுப்பினர் தத்தம் விருப்பின்படி வாக்களிக்க, தாய்க்கே உரியதென முடிவாயிற்று.

1946 ஜனவரியில் அம்மையார் காலமாயினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் முதல், தலைப்பிள்ளை நீங்கலாக ஏனைய குழந்தை ஒவ்வொன்றற்கும் வாரம் 5 ஷில்லிங் வழங்கலாயிற்று. தம் உழைப்பின் பயனை அவர் கண்டிலர், அன்னைமார் கண்டனர். 1977-இல் தலைப்பிள்ளையும் அவ்வுரிமை பெற்றது.

எவ்வளவு ஈகின்றோம் என்பதோடு எவர் கையில் ஈகின்றோம் என்பதும் எண்ணத்தக்கது. பிள்ளைகளின் பொருட்டு உதவி வழங்குங்கால் நம் சங்கத்தார் இதனை நினைவிற் கொள்வாராக.