கேமுக்கா, பாட்டுக்கா?

விலைகூடின ஹெட்போன் தேடுகிற எங்களில் கனபேர் முதலில் போட்டுக் குழப்புகிற கேள்வி இது. வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பிரிப்பே தேவையில்லை.

ஹெட்போன் பாட்டுக்காகப் பிறந்த சாமானில்லை. 1910 இல் அமெரிக்காவின் யூட்டாவில் நதானியல் போல்ட்வின் தன் வீட்டுக் குசினியில் செய்ததை வாங்கியது கடற்படை. வானொலித் தந்தியின் மெல்லிய சத்தத்தைத் தவறவிடக்கூடாது, அவ்வளவுதான். 1958 இல் ஜோன் கொஸ் ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வேறுவேறு ஒலி போனதால் இசைக்குள் திசை வந்தது. 1968 இல் சென்ஹைசரின் எச்டி 414 காதுமூடியின் வெளிப்பக்கத்தைத் திறந்துவிட்டது. ஒலி தலைக்குள் அடைபடாமல் பரந்து கேட்டது.

வயலின் எந்தப் பக்கம் என்று காட்டுகிற அதே குணம்தான், கேமில் எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்றும் காட்டுகிறது. ஆக, நல்ல இசை ஹெட்போனும் தனியாக ஒரு மைக்கும் இருந்தால் இரண்டுக்கும் போதும். 'கேமிங்' என்ற பெயருக்கும் மின்னுகிற லைட்டுக்கும் காசு கொட்டத் தேவையில்லை.

இரண்டு விசயம் மட்டும் கவனிக்க வேணும். 1997 இல் வந்த எச்டி 600 போன்றவை 300 ஓம். போனில் நேரே செருகினால் சத்தம் காணாது, அம்ப் வேணும். அடுத்தது, திறந்த ஹெட்போனின் சத்தம் வெளியிலும் கேட்கும். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் படுக்கிற எங்கட விடுதி அறைகளுக்கு மூடினதுதான் சரி.

எனவே முதலில் கேட்க வேண்டியது, அறையில் எத்தனை பேர் என்பதை.