அம்பாசடரின் கால் பட்டன்

ராத்திரி ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற ரோடு. எதிரே லாரி வந்தா, பழைய அம்பாசடர் ஓட்டுறவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க மாட்டார். கிளட்ச் பக்கத்தில், தரையில் இருக்கிற ஒரு பட்டனை இடது காலால் மிதிப்பார். லைட் இறங்கும். அந்த டிப்பர் சுவிட்சோட கதைதான் இன்னைக்கு.

அம்பாசடர் அடிப்படையில் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. 1950-களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை வங்காளத்தில், உத்தர்பாராவில் தயாரிக்க ஆரம்பிச்சது. 2014 வரைக்கும் அங்கே தயாரானது. பாடியோட சேர்ந்து ஒயரிங்கும் வந்தது. அது பர்மிங்காம் லூகாஸ் கம்பெனியின் மரபு. 1961-ல் லூகாஸ், டிவிஎஸ்ஸோடு கைகோத்து சென்னைக்கே வந்துடுச்சு. பாடிப் பக்கம் பஸ்ஸில் போறவங்களுக்குப் பழகின பேர்தான்.

இந்த மரபில் ஒயரோட நிறம்தான் பாஷை. கறுப்பு எர்த். பிரவுன் பேட்டரியிலிருந்து நேரா வரும். வெள்ளை, சாவியைத் திருப்பினால்தான் உயிர் பெறும். நீலம் ஹெட்லைட். அவசரத்துக்குக் கைக்குக் கிடைச்ச ஒயரை யாரோ ஒட்டிவிட்டுப் போனா, அடுத்துத் திறக்கிற எலக்ட்ரீஷியன் பாடு திண்டாட்டம்தான்.

அந்தக் கால ஒயருக்கு ரப்பர் மேல பருத்தி நூல் பின்னல். வெயிலும் ஆயிலும் பட்டா அந்த நூல் என்ன ஆகும்னு மில் ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! பின்னாடி பிவிசி வந்தது.

நிஜமான ஆபத்து வேற. இரண்டு 60 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேணும். அது முழுக்க டேஷ்போர்டு சுவிட்ச் வழியாவும் கால் பட்டன் வழியாவும்தான் போகுது. உள்ளே கான்டாக்ட் கறுத்துட்டா வோல்ட்டேஜ் விழும், லைட் மங்கும், சுவிட்ச் சூடாகும். உடனே பெரிய பல்பு போடுறாங்க. சூடு இன்னும் ஏறும். பழைய அமைப்பில் ஹெட்லைட்டுக்குத் தனி ஃபியூஸும் கிடையாது. எங்கேயாவது ஷார்ட் ஆனா ஒயரேதான் எரியணும்.

இதுக்கு ரிலே போதும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியா விளக்குக்குத் தனி ஒயர். பழைய சுவிட்ச் ரிலேக்கு உத்தரவு மட்டும் கொடுக்கும், அதுக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். ஆனா அதுக்கும் முன்னாடி, கறுப்பு ஒயர் பாடியில் சேர்ற இடத்துத் துருவைச் சுரண்டிப் பாருங்க. பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும்.