நிரலும் ஏடும்



கணிப்பொறியில் இயங்கும் நிரல், வேலை முடிந்தவுடன் தன் நினைவை இழந்துவிடும். வங்கிக் கணக்கும் நூலகப் பதிவும் நாளையும் நிலைக்கவேண்டுமாயின், அவற்றை நிரலுக்கு வெளியே ஓர் ஏட்டில் காத்தல் வேண்டும். அவ்வேடே தரவுத்தளம். நிரல் அவ்வேட்டினிடம் பேசக் கற்ற வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் என்பார் தரவுத்தள அமைப்பொன்றை உருவாக்கினார். அதில் பதிவுகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. நிரல் எழுதுவோர் அச்சங்கிலியைப் பற்றிப் படிப்படியாகச் சென்றே வேண்டிய செய்தியை அடைந்தனர். 1973இல் டூரிங் விருது பெற்ற பாக்மன், தம் உரையில் நிரலாளரை மாலுமிக்கு ஒப்பிட்டார். ஒப்புமை பொருத்தமே. ஆனால், துறைமுகம் இடம் மாறினால் மாலுமி வழி தவறுவான் அன்றோ? ஏட்டின் அமைப்பு மாறியபோது, நிரல்களையும் திருத்தி எழுத நேர்ந்தது.

இக்குறையைக் களைய முற்பட்டவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இவ்வறிஞர், 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்திகள் அட்டவணைகளாக விளங்கட்டும். நிரல் வேண்டுவதை மட்டும் சொல்லட்டும். வழியை இயந்திரமே தேடட்டும் என்பது அதன் சாரம். இயந்திரம் தேடினால் காலதாமதம் ஆகாதா என்று பலர் ஐயுற்றனர். 1974இல் ஆன் ஆர்பர் நகரில் பாக்மனும் காடும் ஒரே மேடையில் வாதிட்டனர்.

அதே ஆண்டில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் சீக்வெல் என்னும் மொழியை வெளியிட்டனர். பின்னர் அதுவே எஸ்.கியூ.எல். ஆயிற்று. அதில் செய்திகளைக் கையாளும் அடிப்படைச் செயல்கள் நான்கே. நூலகத்தை எண்ணிப் பாருங்கள். புதிய நூலைப் பதிதல் 'இன்செர்ட்'. தேடிப் பெறுதல் 'செலக்ட்'. நூல் இரவல் சென்றதைக் குறித்துத் திருத்துதல் 'அப்டேட்'. கிழிந்தழிந்த நூலின் பதிவை நீக்குதல் 'டிலீட்'.

ஐ.பி.எம். அமைத்த சிஸ்டம் ஆர் என்னும் ஆய்வு அமைப்பு, காடின் கொள்கை நடைமுறைக்கு ஏற்றதே எனக் காட்டியது. கோபால் முதலிய மொழிகளில் எழுதிய நிரல்களின் நடுவே இக்கட்டளைகளைப் பதிக்கவும் அதில் இயன்றது. கட்டளை முன்னரே எழுதப்பட்டிருக்கும். நூலின் எண் போன்ற மதிப்புக்கு மட்டும் இடம் விடப்பட்டிருக்கும். இவ்வொழுங்கைச் சிறிதென்று நான் கருதவில்லை. பிற்காலத்தில் இதனைப் புறக்கணித்து, பயன்படுத்துவோர் தட்டெழுதிய சொற்களைக் கட்டளையோடு அப்படியே ஒட்டிய நிரல்கள் பல. அவற்றில் தீயோர் எழுதிய சொற்களே கட்டளையாக மாறி, ஏட்டைத் திருடவும் அழிக்கவும் வழி திறந்தன.

1981இல் காடுக்கும் டூரிங் விருது கிட்டியது. 1986இல் எஸ்.கியூ.எல். அமெரிக்கத் தர மொழியாயிற்று. அதன் பின் நிரல்மொழிகள் பல தோன்றின. எனினும், இன்று பைத்தான் பயிலும் மாணவர் தரவுத்தளத்தை அணுகும்போதும் அந்நான்கு செயல்களையே எழுதுகிறார். மதிப்புக்கு இடம்விட்டு எழுதும் பழைய ஒழுங்கே இன்றும் அவருக்குக் காவலாக நிற்கிறது.