அலகு, சவுக்கு, சுற்றி நிற்பவர்கள்

மொரிஷியஸில் தைப்பூசத்தன்று கத்ர் போர்ன் நகரத் தெருக்கள் வழியாகக் காவடி புறப்படும். பல நாள் விரதம் இருந்தவர்கள் நாக்கிலும் கன்னத்திலும் முதுகிலும் அலகு குத்திக்கொண்டு, வெயிலில் வெறுங்காலோடு நடந்து, கோர் து கார்டு மலைக்கோயிலின் படிகளில் ஏறுவார்கள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் பி.டி.எஸ்.எம். பழக்கம் உள்ளவர்கள் கூடும் மாநாடு ஒன்றில் ‘ஆன்மாக்களின் நடனம்’ என்ற சடங்கு நடந்துவந்தது. தோலில் தற்காலிகமாகத் துளையிட்டு, கொக்கியோ எடையோ மாட்டிக்கொண்டு, மேளத்துக்கு ஆடுவார்கள். பி.டி.எஸ்.எம். என்பது வயது வந்தவர்கள் முழுச் சம்மதத்தோடு ஒருவரை ஒருவர் கட்டுவது, அடிப்பது, ஆணையிடுவது, ஆணைக்குப் பணிவது ஆகியவற்றைக் குறிக்கும்.

இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்தால் முருக பக்தர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் உறவு ஏற்கெனவே உண்டு. ஃபக்கீர் முசாஃபர் என்று பெயர் சூட்டிக்கொண்ட அமெரிக்கர் ஒருவர் (1930–2018), பத்திரிகைகளில் வெளிவந்த படங்களைப் பார்த்துக் காவடிமேல் மோகம் கொண்டவர். உடலைச் சுற்றி வேல்கள் பாயும் காவடிச் சட்டத்தைத் தானே சுமந்து ஆடினார். 1985-இல் வந்த ஆவணப்படம் ஒன்றில் அவருடைய சடங்குகள் பதிவாகியுள்ளன. ஃபீனிக்ஸில் ஆடியவர்கள் அவர் திறந்த வழியில் வந்தவர்களே. காவடி என்ற பெயரையும் சட்டத்தையும் எடுத்துக்கொண்ட அவர், முருகனையும் வேண்டுதலையும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இது குறையாகத்தான் படுகிறது. வேண்டுதல் இல்லாத காவடி வேறொன்று. அதை வேறொன்றாகவே பார்க்க வேண்டும்.

வேறுபாடுகளை மழுப்பக் கூடாது. காவடிக்காரர் பிரம்மச்சரியம் காப்பவர், பி.டி.எஸ்.எம்.-மில் பெரும்பாலும் காமம் கலந்திருக்கும். காவடி பட்டப்பகலில் ஊர் பார்க்க நடக்கும். மற்றது கதவுக்குப் பின்னால். ஆனால் மனம் போகும் இடத்தைப் பார்த்தால் இரண்டும் நெருங்கி வருகின்றன. வலி தூரமாகிறது, நேரம் தெரிவதில்லை, ‘நான்’ என்ற நினைப்பு கரைகிறது. நம் ஊரில் இதை அருள் வந்தது, சாமி இறங்கியது என்கிறோம். அடிபணிபவர்கள் ‘சப்ஸ்பேஸ்’ என்கிறார்கள்.

வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிராட் சகாரின் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்நிலையை அளக்க முயன்றார்கள். 2017-இல் வெளிவந்த ஆய்வில் பி.டி.எஸ்.எம். அனுபவமுள்ள 14 பேரில் யார் ஆள்வது, யார் பணிவது என்று சீட்டுப்போட்டதுபோல் முடிவு செய்தார்கள். பி.டி.எஸ்.எம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சோதனை. ‘சிவப்பு’ என்ற சொல் நீல மையில் இருக்கும். மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். பணிந்தவர்கள் ஆட்டத்துக்குப் பிறகு இதில் தடுமாறினார்கள். நெற்றிக்குப் பின்னால் இருந்து கணக்குப் போட்டு நம்மைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி சற்று நேரம் அடங்குகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆள்பவருக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. செய்யும் காரியத்தில் மூழ்கி ஒன்றிப்போகும் நிலைதான் அவருக்கு. ஆன்மாக்களின் நடனத்தில் அவர்கள் கண்டது இன்னொரு விந்தை: உடலில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் ஏறியது, ஆனால் ஆடியவர்கள் மனம் இலேசானதாகச் சொன்னார்கள்.

மொரிஷியஸில் திமித்ரிஸ் க்ஸிகலாட்டாஸ் என்ற மானுடவியலாளர் வேறொன்றைப் பார்த்தார். ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்கு 200 ரூபாய் கொடுத்து, விரும்பியதை யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குப் போடலாம் என்றார். கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்கள் சராசரியாக 81 ரூபாய் போட்டார்கள். காவடி எடுத்தவர்கள் 133. அலகு குத்தாமல் கூட நடந்தவர்கள் 161! 2013-இல் வெளிவந்த இந்தக் கணக்குதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒருவர் படும் வலி, அவரோடு நடக்கும் அண்ணனையும் அத்தையையும் அதே அளவுக்கு, ஏன், கூடுதலாகவே உருக்குகிறது. மனநிலை மாற்றத்தைத் தனிமனித மூளைக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். தன்னை மறக்க ஒருவர் துணிவதே, மறவாமல் விழித்திருக்க நாலு பேர் பக்கத்தில் இருப்பதால்தான்.

இந்த நாலு பேர் விஷயத்தில் இரண்டு வழக்கங்களும் எப்படிப் பிரிகின்றன என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். காவடிக்காரரின் அருகில் நடப்பவர் அவர் கண்ணையும் கால்தடுமாற்றத்தையும் பார்த்தபடி வருவார். சுடும் தாரில் தண்ணீர் ஊற்றுவார், தோளைத் தாங்குவார், மயங்கினால் உட்கார வைப்பார். இதற்கெல்லாம் முன்கூட்டிப் பேச்சுவார்த்தை கிடையாது. சொந்தபந்தம் என்ற ஏற்பாடே அந்த ஒப்பந்தம்.

பி.டி.எஸ்.எம். வட்டங்களில் சொந்தபந்தம் இல்லை. அதனால் எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசியாக வேண்டும். 1971-இல் நியூயார்க்கிலும் 1974-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் தொடங்கிய சங்கங்களின் காலத்திலிருந்து இந்தப் பேச்சே ஒரு கலையாக வளர்ந்திருக்கிறது. புதியவர்கள் முதலில் சாதாரண உடுப்பில் ஓர் உணவகத்தில் சந்திக்கிறார்கள். எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது, பழைய காயம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்றெல்லாம் கேட்கிறார்கள். நிறுத்தச் சொல்ல ஒரு சொல் குறித்துக்கொள்கிறார்கள். வாய் கட்டப்பட்டிருந்தால் கையில் ஒரு பந்து. அது விழுந்தால் எல்லாம் நிற்கும். கட்டுபவர் பக்கத்தில் முனை மழுங்கிய கத்தரிக்கோல் இருக்கும். என் விரலை அழுத்து பார்க்கலாம் என்று அவ்வப்போது கேட்பார், நரம்பு நசுங்கவில்லை என்று தெரிந்துகொள்ள.

இதில் நான் பெரிதும் மதிக்கும் விதி ஒன்று: ஆட்டத்தின் நடுவே புதிதாக எதற்கும் சம்மதம் வாங்கக் கூடாது. மயங்கிய நிலையில் வரும் ‘சரி’க்கு மதிப்பில்லை என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். நிறச் சோதனையில் தடுமாறியவர்களின் கதையும் அதைத்தான் காட்டுகிறது. இந்தத் தெளிவு காவடி மரபுக்கும் வேண்டும். வீட்டார் வற்புறுத்தலில் அலகு குத்திக்கொள்ளும் சிறுவனிடம், உனக்கு விருப்பமா என்று தனியாகக் கேட்பவர் யார்?

முடிந்த பிறகு நடப்பதில் மரபுக்கே என் ஓட்டு. அலகை எடுத்து விபூதி வைத்து, விரதம் முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறியோடு ஊரே பந்தியில் உட்காரும் மொரிஷியஸ் வழக்கம், சாமி மலையேறியவரை மனிதர்களுக்கு நடுவே திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறது. பி.டி.எஸ்.எம். வட்டங்களிலும் போர்வை, தண்ணீர், அணைப்பு உண்டு. ஆனால் மறுநாளோ அதற்கு மறுநாளோ காரணமில்லாமல் மனம் சரியும்போது, பலர் தனி அறையில்தான் இருக்கிறார்கள். என்ன நடந்தது என்று அம்மாவிடமோ அலுவலகத்திலோ சொல்ல முடியாது.

சட்டமும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. மொரிஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. பிரிட்டனில் சம்மதத்தோடு ஒருவரை ஒருவர் காயப்படுத்திக்கொண்ட ஆண்களுக்குக் கிடைத்த தண்டனையைப் பிரபுக்கள் சபை 1993-இல் 3க்கு 2 என்ற கணக்கில் உறுதி செய்தது. குத்துச்சண்டைக்கும் பச்சை குத்துவதற்கும் செல்லும் சம்மதம் இதற்குச் செல்லாது என்றது தீர்ப்பு. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், பெரியவர்கள் சம்மதத்தோடு செய்யும் இந்தப் பழக்கம் நோயாக இல்லை. ஆகவே மருத்துவர்களுக்கும் மனநல ஆலோசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தழும்போடு வருபவரை முகம் சுளிக்காமல் உட்கார வையுங்கள். உங்கள் சம்மதத்தோடு நடந்ததா, நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார்களா, பிறகு யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். சம்மதம் மீறப்பட்டிருந்தால், அதைச் சொல்ல அவருக்கு உங்களைத் தவிர வேறு இடம் இல்லாமல் இருக்கலாம்.