தேயிலைத் தோட்டத்துப் பற்கள்



முரசு நோய் பற்றிய மருத்துவ நூல்கள் பலவற்றில் மலையகத் தமிழர் இருக்கிறார்கள். பெயர் இருக்காது, ‘இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்’ என்று மட்டும் இருக்கும்.

1970இல் நோர்வேப் பேராசிரியர் ஹரால்ட் லோவின் குழுவினர் டன்சினேன், ஹரோ என்ற இரு தோட்டங்களில் (நம்மவர் நிறைந்திருக்கும் லண்டன் ஹரோ அல்ல, பூண்டுலோயாப் பக்கத்து ஹரோ) 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தார்கள். பல் வைத்தியமே கிடைத்திராதவர்கள் என்பதால்தான் அவர்கள் தெரிவானார்கள். வைத்தியம் செய்யாவிட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதே நோக்கம். ஒப்பிடுவதற்கு, ஒழுங்காகப் பல் வைத்தியம் பெற்ற ஒஸ்லோ மாணவர்களும் கல்விமான்களும்.

1985 வரை திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தோட்டத்தில் எல்லோர் பல்லிலும் காறை, எல்லோருக்கும் முரசு வீக்கம். ஆனால் 8 வீதமானோருக்கே நோய் வேகமாக எலும்பை அரித்தது. 45 வயதில் அவர்களுக்குப் பல்லே இல்லை. 81 வீதமானோருக்கு மெதுவாகப் போனது. 11 வீதமானோருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அழுக்குப் பல் என்றால் எல்லோருக்கும் ஒரே கதி என்ற எண்ணம் இதோடு ஆட்டம் கண்டது.

அதே வருடங்களில்தான் 1964 ஒப்பந்தப்படி தோட்டத்து மக்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பலருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. இந்த ஆய்வை மெச்சி மட்டும் வாசிக்க என்னால் முடியவில்லை.

லோ இன்னொன்றும் செய்தார். அதே 1970இல், குளோர்ஹெக்சிடின் கரைசலால் கொப்பளித்தால் பல்லில் அழுக்குப் படிவது நிற்கும் என்று ஷியொட் என்பவரோடு சேர்ந்து காட்டினார். இந்த மருந்து பிறந்தது இங்கே, மான்செஸ்டரில், ஐ.சி.ஐ. கம்பனியில். ஊருக்குப் போகும்போது நாம் விழுங்கிய பலுட்ரின் மலேரியாக் குளிசையும் அந்தக் கம்பனியின் ஆராய்ச்சியில் வந்ததே.

ஆனால் கொப்பளிக்கும் மருந்து, பல்லுக்கும் முரசுக்கும் இடையே விழும் ஆழமான குழிக்குள் போகாது. 1979இல் பொஸ்டனில் குட்சன் என்பவர் ரெட்ராசைக்கிளின் நிரப்பிய மெல்லிய நாரைக் குழிக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். பின்னர் ஜெருசலேமிலிருந்து ‘பெரியோசிப்’ வந்தது: 2.5 மில்லிகிராம் குளோர்ஹெக்சிடின் கொண்ட ஜெலற்றின் துண்டு. ஒரு வாரம், பத்து நாளில் தானே கரைந்துவிடும். 1998இல் அமெரிக்கா அனுமதித்தது.

பலன்? பல்வேரைச் சுரண்டித் துப்புரவாக்கியபின் இதை வைத்தால், குழியின் ஆழம் சராசரியாக அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகவே மேலதிகமாகக் குறைகிறது. போன எலும்பு இதனால் திரும்பாது.

முரசில் இரத்தம் கண்டால் உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய் கொப்பளிப்பவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. இரத்தம் வந்தால் பல் வைத்தியரிடம் போய்க் குழியை அளக்கச் சொல்லுங்கள். அவர் மருந்து வைப்போம் என்றால், வேர் துப்புரவாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

2010இல் அந்த 480 பேரில் 75 பேரை மீண்டும் பரிசோதித்தார்கள்.